பிரேடி பன்ச் சிகரெட் எபிசோட்: அந்தப் பாக்கெட் கிரெக்குடையதாகவே இருந்திருந்தால்?

கொழிஞ்சாம்பாறை டெய்லர்:

பழைய அமெரிக்கக் குடும்பத் தொடர்கள் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் மகள் காலேஜில் ஆங்கிலம் எடுத்துப் படிக்கிறாள். காது பழகட்டும் என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ‘தி பிரேடி பன்ச்’ போடுகிறாள். 1969 முதல் 1974 வரை ஏபிசி சேனலில் வந்த தொடர். மூன்று பையன்களை வைத்திருக்கும் அப்பாவும் மூன்று பெண்களை வைத்திருக்கும் அம்மாவும் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு ஆலிஸ் என்று ஒரு அம்மா. எனக்குப் பாதி வசனம் பிடிபடாது, மகள் சொல்லுவாள். ஆனால் பொய் சொல்லுகிற முகத்தையும் பயந்த முகத்தையும் தெரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு?

போன வாரம் பார்த்தது இரண்டாவது சீசனில் வருகிற சிகரெட் எபிசோட். மூத்தவன் கிரெக்குக்குப் பெரிய பையன்கள் சிலருடைய பாட்டுக் குழுவில் சேர ஆசை. அவர்கள் சிகரெட்டை நீட்டுகிறார்கள், இவனும் வாங்கி இழுக்கிறான். தங்கச்சிகள் பார்த்துவிடுகிறார்கள், விஷயம் வீட்டுக்குப் போகிறது. அப்பா கேட்டதும் பையன் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். இனிமேல் தொடமாட்டேன் என்கிறான், அவர்களும் அடி உதை இல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம்தான் கதை. சிகரெட் எதிர்ப்புக் கமிட்டி நடத்துகிற ஜான்சன் என்ற அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்போது, அவர் கண் முன்னாலேயே கிரெக்கின் ஜாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட் கீழே விழுகிறது. என்னுடையது இல்லை என்கிறான். பெற்றவர்கள் நம்புகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜாக்கெட் மாறியிருக்கிறது. பாக்கெட்டுக்குச் சொந்தக்காரன் டாமி, கமிட்டி அம்மாவின் சொந்த மகன்!

மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு இரண்டு இடத்தில் உதைக்கிறது. ஒன்று, கூட்டாளிகளின் வற்புறுத்தல் என்று சொல்லிவிட்டு அதைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறார்கள். நீட்டினார்கள், வாங்கினான், அவ்வளவுதான். இரண்டாவதுதான் பெரிய குறை. பாக்கெட் அவனுடையது இல்லை என்று எழுதியவர்களுக்கு முதலிலேயே தெரியும். அதனால் நம்பிய அப்பா அம்மா கடைசியில் ஜெயித்துவிடுகிறார்கள். குற்றம் செய்யாத பையனை நம்புவதில் என்ன பெருமை இருக்கிறது? அதே பாக்கெட் கிரெக்குடையதாக இருந்து, அவன் பயத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? அதை எழுதத் தைரியம் இல்லாமல் ஜாக்கெட்டை மாற்றிவிட்டார்கள்.

தையல்காரன் கண்ணில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கடையில் வாங்கிய ஜாக்கெட்டாக இருந்தாலும் லைனிங்கைத் திருப்பிப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியும். அக்குளில் எங்கே நைந்திருக்கிறது, எந்தக் கை மடித்து மடித்துப் பழுத்திருக்கிறது, எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அது கிடக்கட்டும். நீங்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்தீர்கள், சொல்லுங்கள்.

சித்தூர் டீச்சர்:

அண்ணா, நான் நம்ம பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திராச் சித்தூர் இல்லை. ஹைஸ்கூலில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

முதல் குறையை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்கிறீர்கள். நிஜத்திலும் அப்படித்தானே முடிகிறது? வற்புறுத்தல் என்றால் ஒருவன் சட்டையைப் பிடித்து ‘குடிடா’ என்று மிரட்டுவான் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளிடம் கேட்டால், யாரும் கட்டாயப்படுத்தவே இல்லை டீச்சர், சும்மா நீட்டினாங்க என்பார்கள். கிரெக்கை யாரும் மிரட்டவில்லை. அவனுக்கு அந்தக் குழு வேண்டும். கையை நீட்டி வாங்கிக்கொண்டால் உள்ளே, வேண்டாம் என்றால் வெளியே என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்கிறான். அந்தக் கணக்கு மனசில் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியல்காரர்கள் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஆடுகிறவரே முடிவு பண்ண வேண்டும். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தனியாக ஆடவிட்டால் ஒருமாதிரி, நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வேறுமாதிரி. ஆள் பார்க்கும்போது துணிச்சல் எகிறிவிடுகிறது. 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, பக்கத்தில் ஆள் இருப்பதே போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

சவால் விட்டு ஏற்றிவிடுகிற மாதிரி வேண்டுமென்றால் ‘லீவ் இட் டு பீவர்’ என்ற இன்னொரு பழைய அமெரிக்கக் குடும்பத் தொடரைப் பாருங்கள், பீவர் அதில் வருகிற சின்னப் பையன். 1961-ல் வந்த சூப் எபிசோட். தெருவில் ஒரு பெரிய விளம்பரப் பலகை, அதில் நிஜம் போலவே சூப் கிண்ணம், ஆவி கூட வரும். உள்ளே சூப் இருக்கிறதா இல்லையா என்று பீவருக்கும் அவன் கூட்டாளி வைட்டிக்கும் தகராறு. ஏறித்தான் பாரேன் என்கிறான் வைட்டி. பீவர் ஏறிக் கிண்ணத்துக்குள் மாட்டிக்கொள்ள, தீயணைப்பு வண்டி வர வேண்டியதாகிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் என் வகுப்புக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தால் சூப்பை விட்டுவிட்டு சிகரெட்டைத்தான் எடுப்பேன். சூப் கிண்ணத்தில் ஏறுகிறவனைப் பார்த்து எல்லாரும் ‘நான் இப்படி இல்லை’ என்று சொல்லிவிடலாம். கிரெக்கைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

நகரிக்காரன்:

டெய்லர் அண்ணே, அந்த அப்பா ஆர்க்கிடெக்ட். வீட்டிலேயே தனி ரூம் போட்டு உட்கார்ந்து, மகனைக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்துப் பேசுகிறார். எங்கள் ஊரில் அப்பாக்கள் பவர்லூம் சத்தத்தில் பேசியவர்கள். பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் கேட்கும், இதில் எங்கே மனசு விட்டுப் பேசுவது? அண்ணன் சட்டையில் பீடி நாற்றம் வந்த அன்றைக்கு அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து வெளுத்தார். தறியை அவர் நிறுத்தியதே பெரிய விஷயம், எங்கள் தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அண்ணன் அதற்கப்புறம் கொய்யா இலையை மென்றுவிட்டு வீட்டுக்குள் வர ஆரம்பித்தான். நடந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

அதனால் கிரெக்கை அடிக்காமல் விட்டது சரி என்பேன். ஆனால் இந்த எபிசோடை அது வந்த தேதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் மெடிக்கல் ரெப், சிகரெட் சங்கதி கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். புகை பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை விட்டது 1964 ஜனவரியில். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1960-ல், இதே ஏபிசியில் ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூன் தொடர் ஆரம்பித்தது. அதன் ஸ்பான்சர்களில் வின்ஸ்டன் சிகரெட்டும் ஒன்று. ஃப்ரெட்டும் பார்னியும் வீட்டு வேலையைப் பெண்டாட்டிகள் தலையில் கட்டிவிட்டு, கொல்லைப்புறம் போய் வின்ஸ்டன் பற்றவைத்துக்கொண்டு புகழ்ந்து பேசுகிற விளம்பரம் இன்றைக்கும் கிடைக்கிறது. கார்ட்டூன் ஆட்கள்! கூட உட்கார்ந்து பார்த்ததில் குழந்தைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டிவியிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரமே கூடாது என்ற சட்டத்தில் அமெரிக்க அதிபர் நிக்சன் 1970 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார். அது அமலுக்கு வந்தது 1971 ஜனவரி 2. ஏன் 1 இல்லை என்றால், புத்தாண்டு அன்று நடக்கும் அமெரிக்கக் கால்பந்து மேட்ச்களில் கடைசியாக ஒருமுறை விளம்பரம் போட்டுச் சம்பாதித்துக்கொள்ளட்டும் என்றுதான். பிரேடி பன்ச் சிகரெட் எபிசோட் ஒளிபரப்பானது ஜனவரி 8. அதாவது, இத்தனை வருஷம் புகையை விற்ற அதே பெட்டி, கடையை மூடிய அதே வாரத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறது. அந்த எபிசோடில் விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தப்பெல்லாம் பாட்டுக் குழுப் பையன்கள் மேல்தான். பையன் ஒருவன் நீட்டியது வற்புறுத்தல் என்றால், கம்பெனி தினமும் நீட்டியதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. கெட்ட கூட்டாளி என்றால் எனக்கு ‘பீவர்’ தொடரின் எட்டி ஹாஸ்கல்தான். அம்மா எதிரே வந்தால் ‘இன்றைக்கு ரொம்ப அழகாக இருக்கிறீர்கள் திருமதி கிளீவர்’ என்று குழைவான். அம்மா தலை மறைந்ததும் சின்னவனைச் சீண்டுவான். நமக்கெல்லாம் தெரிந்த ஆள்தான், ‘என்ன மாமி, உடம்பு இளைச்சிருச்சே’ என்று கேட்டுக்கொண்டே மாமி பையனை மாடிக்குக் கூட்டிப் போகிறவன். அதில் நடித்த கென் ஆஸ்மண்ட் பின்னால் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் சேர்ந்தார் என்பது தனி வேடிக்கை.

கொழிஞ்சாம்பாறை டெய்லர்:

நகரித் தம்பி, தேதிக் கணக்கு அருமை. இது எனக்குத் தெரியாது, மகளிடம் சொன்னேன். அந்த ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் விளம்பரத்தைத் தேடி எடுத்துப் போட்டும் காட்டிவிட்டாள்.

கேரளா-தமிழ்நாடு எல்லைப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு இந்தச் சட்டக் கதை புதிது இல்லை. 1999 ஜூலையில் கேரள ஐகோர்ட், பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்கச் சுப்ரீம் கோர்ட் சொன்னது 2001 நவம்பரில்தான். நடுவில் இருந்த காலத்தில் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நின்றுவிட்டு, எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டில் இறங்கியதும் பற்றவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குட்கா விஷயமும் இதேதான், கேரளாவில் 2012-ல் தடை, தமிழ்நாட்டில் 2013-ல். இந்தப் பக்கம் கிடைக்காதது எல்லாம் அந்தப் பக்கம் போனால் கிடைக்கும் என்று பையன்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

டீச்சர் சொன்னதற்கு வருகிறேன். யாரும் மிரட்டுவதில்லை என்கிறீர்கள். அது என் கடையிலேயே நடக்கிறது. கேரளாவில் ஜூன் ஒன்றாம் தேதி ஸ்கூல் திறப்பார்கள், மே மாதம் முழுக்க எனக்கு யூனிஃபார்ம் வேலைதான். ஒரு வருஷம் பத்தாம் கிளாஸ் பையன் ஒருவன், அம்மா வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போது, ரகசியமாக ‘அண்ணா, இடுப்புப் பட்டிக்கு உள்ளே ஒரு சின்ன பாக்கெட் வைத்துத் தருவீங்களா’ என்று கேட்டான். எதற்கு என்றேன். பஸ் காசு வைக்க என்றான். விரல் நீளத்துக்கு அளவு காட்டினான். அது என்ன அளவு என்று சிகரெட் பிடித்த எவனுக்கும் தெரியும், பத்து சிகரெட் பெட்டிக்கு இல்லை, உதிரியாக வாங்கினால் படுக்கவைக்கிற அளவு. வைக்கமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

இது ஒரு பையனோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க வந்தவன் எல்லாம் அதே பாக்கெட்டைக் கேட்டான். புகையே பிடிக்காத பையன்கள்! ஒருவனை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும், கோயில் திருவிழாவில் சாம்பிராணி போட்டாலே இருமுவான். அவனும் வந்து நின்றான். உனக்கு எதற்குடா என்றால், ‘எல்லாருக்கும் இருக்கும்ணா, எனக்கு மட்டும் இல்லாம போயிரும்’ என்கிறான். உள்ளே வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. காலிப் பாக்கெட் போதும் அவனுக்கு. டீச்சர், இதைப் பார்த்த பிறகு நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடர்க்காரர்கள் இதைக் காட்டவில்லையே? கிரெக்கின் மனசில் ஓடிய கணக்கு நமக்குத் தெரிந்திருப்பதால் நாமே அதை நிரப்பிக்கொள்கிறோம். எழுதியவர்களுக்கு அந்த மார்க்கை நான் கொடுக்கமாட்டேன்.

அப்புறம், அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும், ‘எனக்கு வேண்டாம்ணா, அந்த இடத்துல உறுத்தும்’ என்றான். அவ்வளவுதான், கூட வந்த இன்னொருவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். அவனும் வேண்டாம் என்றுவிட்டான்.

பொள்ளாச்சி பி.எஸ்சி:

டெய்லர் அண்ணா, டீச்சர், நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். நீங்கள் எல்லாரும் கிரெக்கையே சுற்றுகிறீர்கள். எனக்கு அந்த எபிசோடில் டாமியைத்தான் பிடித்தது. பாவம் அவன்.

யோசித்துப் பாருங்கள். கிரெக் வீட்டில் யாரும் சிகரெட்டுக்கு எதிராகக் கமிட்டி நடத்தவில்லை. அவன் மாட்டியதும் ஒப்புக்கொள்கிறான். டாமி வீட்டில் அம்மாவே தலைவி. நோட்டீஸ் அடிப்பார், கூட்டம் போடுவார், வீடு வீடாகப் போவார். அவன் தன் அம்மாவிடம் வாயைத் திறக்க முடியுமா? ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர் வீட்டில் பையன் பாக்கெட்டை மறைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பையன்களுக்கும் கூட்டாளி ஒரே செட். ஒருவன் சொல்லிவிட்டான், ஒருவன் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற வித்தியாசம் வீடுதான். இந்த எபிசோடை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

எங்கள் காலேஜில் கள்ளுக்கடைக் கூட்டம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கள் 1987-லிருந்து கிடையாது, கேரளாவில் லைசென்ஸ் கடை. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் சித்தூர் தாலூகா, பனையும் தென்னையுமாக ஊர் முழுக்கக் கள். சனிக்கிழமை மத்தியானம் ஆனால், ‘வண்டில ஒரு சீட் காலி’ என்பான் ஒருவன். இதுதான் முழு அழைப்பு. கேரளாவில் 23 வயது ஆகாதவனுக்கு ஊற்றக் கூடாது என்று சட்டம், வண்டியில் ஏறுகிற எவனுக்கும் அந்த வயசு இல்லை. போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கள் வாடையே ஆகாது. மீன் குழம்புக்காகவும் கப்பைக்காகவும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவார்கள், அதில் கொஞ்சம் நிஜமும் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் ‘கோபாலபுரம் போனேன்’ என்று சொல்லமாட்டார்கள். ‘குரூப் ஸ்டடி’. அப்பா வெள்ளை வேட்டிக்காரராக, ஊர்க் கோயில் கமிட்டியில் இருப்பவராக இருந்தால் பையன் குரூப் ஸ்டடி இன்னும் அதிகம் படிப்பான்.

அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில்: பாக்கெட் கிரெக்குடையதாக இருந்திருந்தால் எபிசோட் என்ன ஆகியிருக்கும் என்று தனியாக யோசிக்க வேண்டாம். டாமி கதை அதுதான். கேமராவை ஜான்சன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் நீங்கள் கேட்டது கிடைத்திருக்கும்.

சித்தூர் டீச்சர்:

தம்பி சொன்னது நன்றாக இருக்கிறது. டாமியைப் பற்றி நான் இத்தனை நாள் நினைக்கவே இல்லை.

டெய்லர் அண்ணா, உறுத்தும் என்று சொன்ன அந்தப் பையனைப் பற்றி ஒன்று. சாலமன் ஆஷ் என்ற உளவியல்காரர் 1951-ல் ஒரு சோதனை செய்தார். கோடுகளைக் காட்டி எது இதன் நீளம் என்று கேட்பார். அறையில் மற்றவர்கள் எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்தவர்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிகிற விடையை விட்டுவிட்டு நிறையப் பேர் கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், மற்றவரும் பெரும்பாலும் தன் கண்ணை நம்பிவிடுவார். உங்கள் கடையில் இரண்டாவது பையனுக்கு நடந்தது அதேதான். கிரெக்கின் பாட்டுக் குழுவில் அப்படி ஒருவனை எழுதியிருந்தால் உங்கள் முதல் குறையும் தீர்ந்திருக்கும், எனக்கும் வகுப்பில் பேச இன்னும் நன்றாக ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

ஆனால் ‘குற்றம் செய்யாதவனை நம்புவதில் என்ன பெருமை’ என்பதில் எனக்கு இன்னும் சண்டை உண்டு. பாக்கெட் விழுந்த நேரத்தில் அவன் குற்றவாளியா இல்லையா என்று அந்தப் பெற்றவர்களுக்குத் தெரியாதே. பார்க்கிற நமக்கும் தெரியாது. ஏற்கனவே ஒருமுறை மாட்டியவன் வேறு. விருந்தாளி முன்னால் மானம் போகிறது. அந்த நிமிஷத்தில் நம்பியது நம்பியதுதான், பின்னால் என்ன தெரியவந்தால் என்ன?

கொழிஞ்சாம்பாறை டெய்லர்:

டீச்சர், நீங்கள் பெற்றவர்கள் பக்கம் நின்று பேசுகிறீர்கள், அவர்கள் செய்தது பெரிய காரியம்தான், அதை நான் குறைக்கவில்லை. நான் கதை எழுதியவர்களைத்தான் பிடிக்கிறேன். அவர்கள் நம்மைப் பயமுறுத்திவிட்டு, ஜாக்கெட்டை மாற்றி, ‘ஒன்றும் இல்லை, போய்த் தூங்குங்கள்’ என்கிறார்கள். பொள்ளாச்சித் தம்பி சொன்ன மாதிரி ஜான்சன் அம்மா வீட்டுக் கதையைத் தனியாக இன்னொரு எபிசோடாகப் போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

மகள் உங்கள் பக்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று இதைப் படித்துக் காட்டியதும், ‘அப்பா, நீ அந்தப் பையனுக்கு உள் பாக்கெட் வைக்கமாட்டேன்னு சொன்னியே, அவன் அம்மாகிட்ட சொன்னியா?’ என்று கேட்டாள். சொல்லவில்லை. ஏன் என்றாள். பையன் என்னை நம்பிக் கேட்டான், வைத்துக் கொடுக்கவில்லை, அதற்கு மேல் எனக்கு என்ன வேலை என்றேன். ‘அப்போ நீயும் பிரேடி அப்பாதான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த எபிசோடைப் போட்டுவிட்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

உள் பாக்கெட்டை இப்போதும் நான் வைப்பதில்லை. பையன்கள் வேலந்தாவளத்தில் இன்னொரு கடைக்குப் போகிறார்கள், அங்கே வைத்துத் தருகிறார்களாம், அதற்குத் தனிக் கூலியும் உண்டாம். சூப் எபிசோட் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இருக்கிறோம்.